நன்றியும் முறையீடும்: இயற்கையில் வாழ்வின் பொருளைக் காண்பவர் யாரை நோக்கிப் பேசுவது?

தும்பி:

20 ஆண்டுகளுக்கு முன் நான் இறைநம்பிக்கையை விட்டேன். கோபத்தில் விடவில்லை, எவரோடும் பிணங்கிக்கொண்டும் விடவில்லை. சொல்லிவந்த வேண்டுதல்களில் என் மனம் இல்லை என்பது ஒரு நாள் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அதன்பின் வாழ்வே வெறுமையாகிவிடும் என்று அஞ்சினேன். அப்படி ஆகவில்லை. பூச்சிகளையும் மரங்களையும் உற்றுப் பார்க்கும் பழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. வழிபாடு விட்டுச்சென்ற இடத்தில் அந்தப் பழக்கம் மெல்ல வந்து அமர்ந்துகொண்டது.

அத்தி பூத்தாற்போல என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அத்தி பூக்காமல் இல்லை. பூக்களையெல்லாம் காய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பூக்கிறது. சென்ற வாரம் ஒரு பச்சைக் காயைக் கூரிய கத்தியால் இரண்டாகப் பிளந்து, கைலென்ஸின் கீழ் வைத்துப் பார்த்தேன். உட்சுவர் முழுவதும் சின்னஞ்சிறு பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே சிறகிழந்த ஒரு பெண் குளவி செத்துக் கிடந்தது. நீளம் 2 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். காயின் நுனியிலுள்ள இடுக்கான கண் வழியாக நெருக்கிக்கொண்டு நுழையும்போதே சிறகுகள் ஒடிந்துவிடுகின்றன. அது வேறொரு மரத்திலிருந்து சுமந்து வந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்க்கிறது, சில பூக்களில் முட்டையிடுகிறது, அங்கேயே மடிகிறது. அடுத்த தலைமுறையில் முதலில் வெளிவருபவை ஆண் குளவிகள். அவற்றுக்குச் சிறகே கிடையாது. அவை பெண் குளவிகளோடு கூடியபின் காயின் சுவரைக் குடைந்து ஒரு வழி உண்டாக்குகின்றன. அந்த வழியாகப் பெண் குளவிகள் மகரந்தத்தோடு பறந்துபோக, வழி செய்தவை வெளியுலகில் வாழாமலே இறந்துபோகின்றன. அத்தி, ஆல், அரசு ஆகியவை அடங்கிய பேரினமும் இந்தக் குளவிகளும் 6 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இப்படி ஒன்றையொன்று நம்பி வாழ்ந்துவருகின்றன.

லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தபோது என் வாயிலிருந்து ‘நன்றி’ என்ற சொல் வந்தது. உரக்கவே வந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

அந்தச் சொல் யாருக்குப் போயிற்று என்பதுதான் ஒரு வாரமாக என்னை விடாத கேள்வி. குளவிக்கு அது தேவையில்லை, அத்திக்குக் காதில்லை. பிள்ளைப் பருவத்தில் கற்ற வழிபாட்டின் மிச்சம் நாவில் ஒட்டியிருக்கிறது என்று அதைத் தள்ளிவிடலாம். என் அடிமனத்தில் இன்னும் ஒரு கடவுள் ஒளிந்திருக்கிறார் என்றும் சொல்லிவிடலாம். இரண்டுமே எனக்குப் பொய்யாகப் படுகின்றன. பெற்றதை உணர்வதற்குக் கொடுத்தவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டுமா? இயற்கையில் வாழ்வின் பொருளைக் காண்பவர்களும் அதற்கு அப்பாலுள்ள ஒன்றில் காண்பவர்களும் இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

அருள்வழி:

தும்பி அவர்களுக்கு வணக்கம். ‘பார்த்தீர்களா, நீங்கள் இன்னும் நம்பிக்கையாளர்தான்’ என்று உங்களை மடக்க எனக்கு விருப்பமில்லை. ஒருவர் நேர்மையாக விட்டதை அவருக்கே தெரியாமல் அவர் வைத்திருக்கிறார் என்று சொல்வது அவரை அவமதிப்பதாகும். நீங்கள் கேட்ட கேள்வியின் மறுபக்கத்தை மட்டும் முன்வைக்கிறேன்.

9 ஆண்டுகளுக்கு முன் என் மகள் இறந்தாள். அவளுக்கு 14 வயது. என் துயரத்தைக் காணப் பொறுக்காத நண்பர் ஒருவர், அன்பினாலேயே, அவள் குருதியிலிருந்த இரும்பு பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் விண்மீன்களின் உள்ளே உருவானது என்றும், அவள் உடலின் எந்த அணுவும் அழியவில்லை என்றும், அவை காற்றிலும் மண்ணிலும் இலைகளிலும் கலந்துகொண்டேயிருக்கும் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் அவளுடைய அணுக்கள் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவள் எங்கே என்று கேட்டேன். இரும்புக்கு என்னைத் தெரியாது. கதவைத் திறக்கும்போதே என் நடையின் ஓசையை வைத்து அன்றைய என் மனநிலையைச் சொல்லிவிடுகிற பிள்ளை அவள்.

நன்றி சொல்ல ஆள் வேண்டாம் என்பதை ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்கிறேன். மகிழ்ச்சி நிரம்பினால் தானே வழியும். அது எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டியதில்லை. முறையீடு அப்படிப்பட்டதன்று. ‘இது சரியில்லை’ என்று நான் சொல்லும்போது, சரி எது என்பதை அறிந்த ஒருவர் முன்னிலையில்தான் நிற்கிறேன். இயற்கையில் 14 வயதுப் பிள்ளை இறப்பதில் சரி, சரியில்லை என்று எதுவுமே கிடையாது. உயிரணுக்கள் கட்டுமீறின, உடல் தோற்றது, அதற்கு மேல் அங்கே வழக்கே இல்லை. என் நெஞ்சோ வழக்கு உண்டு என்கிறது. அந்த வழக்கை ஏற்க ஒரு மன்றம் இருக்கிறது என்பதே என் நம்பிக்கையின் அடித்தளம். மறுமை பற்றிய கணக்குகளெல்லாம் எனக்கு அதற்குப் பின்னரே வருகின்றன.

பாஸ்கல் என்னும் பிரெஞ்சுக் கணித மேதையைப் பற்றி இங்கே சொல்லத் தோன்றுகிறது. வெற்றிடத்தையும் காற்றழுத்தத்தையும் ஆராய்ந்த அவருக்கு இயற்கையை அளக்கத் தெரியாமல் இல்லை. 1654 நவம்பர் 23 இரவு தமக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தை அவர் ஒரு தாளில் எழுதி, அதை மேலங்கியின் உட்புறத்தில் வைத்துத் தைத்துக்கொண்டார். 1662இல் அவர் இறந்த பிறகே அது பிறர் கண்ணில் பட்டது. தாம் கண்டது தத்துவவாதிகளும் அறிஞர்களும் பேசும் கடவுளை அன்று, ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் கூப்பிட்ட கடவுளை என்று அதில் எழுதியிருந்தார். அதாவது கூப்பிடக்கூடிய ஒருவரை. பேரண்டத்தின் ஒழுங்கை வியப்பதற்கும் ஒருவரைக் கூப்பிடுவதற்கும் இடையிலுள்ள தொலைவை அந்தத் தாளைப் போல எனக்கு வேறெதுவும் உணர்த்தியதில்லை.

நீள்வட்டம்:

அருள்வழி ஐயா, உங்கள் இழப்பின் முன் வாதம் செய்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் நீங்கள் விவாதத்துக்காகவே எழுதியிருக்கிறீர்கள் என்று கொண்டு இதைச் சொல்கிறேன்.

இயற்கையில் பொருள் காண்பவர்களில் பலர் தமக்கு வசதியான காட்சிகளை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள் என்பது என் குறை. விடியல், மழை, மலைமுகடு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறார்கள். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் இறந்தபின் 1874இல் வெளிவந்த, இயற்கையைப் பற்றிய கட்டுரை இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: மனிதர் ஒருவருக்கொருவர் செய்தால் தூக்கிலும் சிறையிலும் இடப்படும் செயல்களை இயற்கை நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறது. ஆகவே இயற்கையைப் பின்பற்றி வாழ்க என்பது அறமாகாது. தும்பி அவர்கள் அத்திக் குளவியைப் பார்த்து நன்றி சொன்னார்கள். கம்பளிப்புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு, அது உயிரோடு இருக்கும்போதே உள்ளிருந்து தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளைப் பார்த்தும் நன்றி சொல்வார்களா?

அதே குளவிகள்தாம் டார்வினையும் உறுத்தின. 1851இல் தம் 10 வயது மகள் ஆனியை இழந்தவர் அவர். 1860இல் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், இப்படிப்பட்ட குளவிகளை அருளும் முழு வல்லமையும் உடைய ஒரு கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்றார். ஆனால் அதே கடிதத்தில், எல்லாம் குருட்டு விசையின் விளைவு என்று முடிவுகட்டவும் தமக்கு மனம் ஒப்பவில்லை என்றும், நியூட்டனின் மனத்தை ஒரு நாய் ஊகிக்க முயல்வதைப் போலத்தான் இதில் மனித அறிவின் நிலை என்றும் எழுதினார். அந்தத் தயக்கமே எனக்கு இரு தரப்பின் உறுதியையும்விட நேர்மையானதாகத் தெரிகிறது.

தத்துவவாதி ஸ்பினோசாவையும் இங்கே மறக்க முடியாது. 1656இல், 23 வயதில், ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகத்தாரால் விலக்கப்பட்டவர் அவர். இயற்கையையும் கடவுளையும் ஒன்றாகவே கண்ட அவரது அறவியல் நூல், 1677இல் அவர் இறந்த பிறகே அச்சேறியது. கடவுளை நேசிப்பவர், கடவுள் தம்மைத் திரும்ப நேசிக்க வேண்டும் என்று முயல முடியாது என்பது அந்நூல் நிறுவும் கூற்றுகளுள் ஒன்று. தும்பி அவர்கள் தேடும் விடை இதுவாக இருக்கலாம்: திரும்பி வராத அன்பு, எவரும் பெற்றுக்கொள்ளாத நன்றி. அதைக் கொண்டே ஒரு வாழ்நாளை ஓட்ட முடியுமா என்பதை அவரே சொல்லட்டும்.

தும்பி:

ஓட்ட முடிகிறது, நீள்வட்டம். ஆனால் எல்லா நாளும் முடிவதில்லை.

ஒட்டுண்ணிக் குளவியையும் நான் லென்ஸில் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்து நன்றி சொல்ல வரவில்லை. இதனால் நான் கண்ட பொருள் பொய்யாகிவிடுகிறதா என்று யோசித்தேன். ஆகவில்லை என்றே நினைக்கிறேன். இயற்கை நல்லது என்பதற்காக நான் அதில் பொருள் காணவில்லை. நான் அதற்குள் இருக்கிறேன், அதிலிருந்து வந்தேன், புழுவும் குளவியும் நானும் ஒரே நீண்ட கணக்கின் வரிகள் என்பதை அறியும்போது என் தனிமை குறைகிறது. உறவினர்கள் எல்லோரும் நல்லவர்களாக இருப்பதால் நாம் குடும்பத்தோடு சேர்ந்திருப்பதில்லையே.

அருள்வழி ஐயாவுக்கு எழுதுவதற்கு முன் நெடுநேரம் தயங்கினேன். என் தாய் இறந்து 11 மாதங்கள் ஆகின்றன. கடைசி நான்கு ஆண்டுகள் மறதிநோய் அவரைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டது. முதலில் பெயர்கள் போயின, பிறகு முகங்கள், கடைசியில் நான் யார் என்பதும் போயிற்று. சன்னலோரத்தில் ஒரு தொட்டிச் செடி இருந்தது. பேச்சு முழுவதும் நின்றுபோன பிறகும் அவர் கை தானாக நீண்டு, அந்தச் செடியில் பழுத்த இலைகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளி, மடியில் சேர்த்து வைத்துக்கொள்ளும். பச்சை இலையை ஒருமுறைகூடக் கிள்ளியதில்லை. தாம் யார் என்பதே தெரியாத ஒருவரின் விரல்களுக்கு, எது பழுத்தது, எது வளர்கிறது என்பது தெரிந்திருந்தது. அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பிற்பகல்களில், இதற்கு அப்பால் வேறு ஒன்று இருந்தால்தான் இதற்கு மதிப்பு உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மதிப்பு அங்கேயே, அந்த மடியிலேயே இருந்தது.

ஆனால் ஐயா, நீங்கள் சொன்ன முறையீடு எனக்கும் இருந்தது. ‘இவரை ஏன் இப்படி?’ என்று இரவில் கேட்டிருக்கிறேன். உங்களைப் போல அதை எடுத்துச்செல்ல எனக்கு மன்றம் இல்லை. இதை மறைக்க விரும்பவில்லை. நான் தேர்ந்துகொண்ட வழியில் இது ஓர் உண்மையான குறை. ஒன்று மட்டும் கேட்கிறேன், புண்படுத்துவதற்காக அன்று: நீங்கள் முறையிட்டீர்கள். விடை வந்ததா?

வெண்மணல்:

இயற்கை ஒருபுறம், கடந்த நிலை மறுபுறம் என்று இரண்டு கரைகளாகப் பிரித்துக்கொண்டு பேசுகிறோம். இந்தப் பிரிவு எல்லாக் காலத்துக்கும் உரியதன்று. தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களை வகுக்கும்போது, தெய்வத்தையும் உணவையும் விலங்கையும் மரத்தையும் பறவையையும் ஒரே வரிசையில் வைக்கிறது. அங்கே தெய்வம் நிலத்துக்கு வெளியே இல்லை. நிலத்தில் விளைந்தவற்றுள் ஒன்றாக இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டில், இன்றைய ஸ்பெயினில் இஸ்லாமியர் ஆட்சியிலிருந்த அந்தலூசியாவைச் சேர்ந்த இப்னு துஃபைல் என்னும் தத்துவவாதி எழுதிய ஒரு கதை, இங்கே பேசப்பட்ட இரண்டு துயரங்களுக்கும் மிக நெருக்கமானது. மனிதரே இல்லாத தீவில் ஹய் என்னும் குழந்தையை ஒரு பெண்மான் பால் கொடுத்து வளர்க்கிறது. ஒரு நாள் மான் இறக்கிறது. கூப்பிட்டால் எழவில்லை, கண்ணிலும் காதிலும் குறை எதுவும் தெரியவில்லை. ஏதோ அடைப்பு இருக்கிறது, அதை நீக்கினால் தாய் எழுந்துவிடுவாள் என்று நம்பிக் கூரிய கல்லால் மார்பைப் பிளந்து இதயத்தைத் திறக்கிறான். ஓர் அறையில் உறைந்த குருதி இருக்கிறது. மற்ற அறை வெறுமையாக இருக்கிறது. தன்னை வளர்த்தது அந்த வெற்றறையில் இருந்ததுதான், அது போய்விட்டது, இனி இந்த உடல் அவள் அன்று என்று அவனுக்குப் படுகிறது. அங்கிருந்து தொடங்கிச் செடிகளையும் உயிரினங்களையும் நெருப்பையும் விண்மீன்களையும் பல ஆண்டுகள் ஆராய்ந்து, எந்த நூலும் ஆசானும் இன்றி இறைவனை உணரும் நிலையை அடைகிறான்.

தும்பி பிளந்த காயும் ஹய் திறந்த இதயமும் எனக்கு ஒன்றாகத் தெரிகின்றன. ஒருவர் அங்கே இருந்ததைக் கண்டு நிறைந்தார். மற்றவர் அங்கே இல்லாததைக் கண்டு புறப்பட்டார்.

இரவுப்பணி:

நான் நூல்களைப் படித்தவள் அல்லள். இனிக் குணமாக மாட்டார்கள் என்று அறியப்பட்ட நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியாக 17 ஆண்டுகள் இரவுப் பணியில் இருக்கிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு, உறவினர் உறங்கிய பிறகு, என்னிடம் பேசியவர்கள் பலர்.

நம்பிக்கையுள்ளவர்கள் அச்சமின்றிப் போகிறார்கள், நம்பிக்கையில்லாதவர்கள் கலங்குகிறார்கள் என்று வெளியில் பலர் எண்ணுகிறார்கள். நான் பார்த்தவரையில் அப்படி இல்லை. வாழ்நாளெல்லாம் வழிபட்ட ஒருவர், தாம் மன்னிக்கப்படவில்லையோ என்று நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். எதையும் நம்பாத ஒருவர், மழையின் ஓசை கேட்க வேண்டும் என்று சன்னலைத் திறக்கச் சொல்லி, கேட்டுக்கொண்டே அமைதியாகப் போனதையும் பார்த்திருக்கிறேன். நேர்மாறாகவும் பார்த்திருக்கிறேன். எதை நம்பினார்கள் என்பதைவிட எதைப் பழகினார்கள் என்பதே துணைநின்றது என்பது என் கருத்து. நாள்தோறும் வேண்டுதல் சொன்னவருக்கு அறிவு மங்கிய பிறகும் உதடுகள் அசைந்தன. நாள்தோறும் தோட்டத்தில் நின்றவருக்குத் தும்பி அவர்களின் தாயைப் போல விரல்கள் அசைந்தன. இரண்டையும் பழகாமல், பொருள் எது என்று கருத்தளவில் மட்டும் முடிவுசெய்து வைத்திருந்தவர்களுக்கு அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காததையே அதிகம் கண்டேன்.

அருள்வழி:

அம்மா, உங்கள் பணியின் முன் தலைவணங்குகிறேன். ஆனால் உங்கள் முடிவை என்னால் முழுதும் ஏற்க முடியவில்லை. பழக்கம் துணைநிற்கும் என்பது உண்மை. துணைநிற்பதால் மட்டுமே நான் நம்புகிறேன் என்றால், அது வலிநீக்கி மாத்திரைக்கு ஒப்பாகும். என் மகள் இன்னும் ஒருவரின் நினைவில் இருக்கிறாள் என்பது உண்மையாக இருந்தால் மட்டுமே எனக்கு வேண்டும். பொய்யென்றால் அதனால் வரும் ஆறுதலும் எனக்கு வேண்டாம். இந்த ஒன்றில் தும்பி அவர்களும் நானும் ஒரே பக்கம் நிற்பதாக நினைக்கிறேன். அவரும் பொய்யான ஆறுதலை வேண்டாம் என்றுதான் விட்டுவந்தார்.

தும்பி அவர்களே, விடை வரவில்லை. 9 ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் கேட்கிறேன், வரவில்லை. ஆனால் விடை வரவில்லை என்பதை யாரிடம் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கிறது. இதைப் பெரிய வெற்றியாகச் சொல்லவில்லை. என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

தும்பி:

ஐயா, நீங்கள் கேட்டபடி ‘அவள் எங்கே’ என்று என் தாயைப் பற்றி நான் கேட்டதில்லை என்பதை உங்கள் எழுத்தைப் படித்த பிறகே உணர்ந்தேன். 86 வயதில் போன தாயையும் 14 வயதில் போன மகளையும் ஒரே தட்டில் வைத்துப் பேசிவிட்டேன். என் வழி முழுமையான வாழ்வின் முடிவைத் தாங்குகிறது. தொடங்கும்போதே முறிந்த வாழ்வைத் தாங்குமா என்பது எனக்குச் சோதிக்கப்படவில்லை. நன்றிக்கு முகவரி வேண்டாம் என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். முறையீட்டுக்கு வேண்டும் என்பதை உங்களிடமிருந்து ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வேண்டும் என்பதனாலேயே அது இருக்கிறது என்று சொல்ல எனக்கு வரவில்லை.

அருள்வழி:

அந்த இடைவெளியில்தான் நம்பிக்கை என்ற சொல்லே பிறக்கிறது. அதற்குமேல் உங்களை நான் இழுக்கமாட்டேன்.

நேற்று மாலை, வழக்கமாக நான் அமரும் இடத்துக்குப் போகும் வழியில், ஓர் அத்திக்காயைப் பறித்துச் சென்றேன். லென்ஸ் இல்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அதையே முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன். பிட்டபோது உள்ளே பழுப்புநிறத்தில், சிறகில்லாமல், வளைந்த உடலோடு ஐந்தாறு ஆண் குளவிகள் இறந்து கிடந்தன. காயின் தோலில் ஊசிமுனை நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. அன்று என் வேண்டுதலைத் தொடங்கவே நெடுநேரம் ஆயிற்று.

ஒன்று கேட்க வேண்டும், தும்பி அவர்களே. துளை ஒன்றுதான் இருந்தது, குளவிகளோ பல. அவை எல்லாம் சேர்ந்தா அதைக் குடைகின்றன? முதலில் தொடங்கியது எது, அதன் பின்னால் மற்றவை எப்படி அதே இடத்துக்கு வந்தன என்பதைப் பார்த்துச் சொல்ல முடியுமா?